தாவும் முன் தரை தெரிய வேண்டும்

மேடைக்கு மேடை தாவிச் செல்லும் முப்பரிமாண பிளாட்ஃபார்ம் வீடியோ கேம்களைப் பற்றி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழின் கேள்வி-பதில் பகுதியில் பதில் அளிக்கிறேன்.

கே: விடுமுறைக்கு வந்த என் தங்கை மகன் ‘சூப்பர் மரியோ ஒடிஸி’யை விடாமல் விளையாடினான். பெரிய கதை ஒன்றும் இல்லை. ஓடுவதும் தாவுவதும் விழுவதும்தான். இவ்வகை விளையாட்டுகளில் ஒன்றைச் சிறந்தது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?
– ஒரு வாசகர், கோத்தகிரி

ப: எதிரியும் இலக்கும் இல்லாத வெறும் தரையில் பாத்திரத்தைச் சற்று நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். ஓடித் திரும்புவதும், தாவுவதும், சுவரை உதைத்து எழும்புவதும் அப்போதே இன்பம் தந்தால் அந்த விளையாட்டுக்கு அடித்தளம் சரியாக அமைந்திருக்கிறது என்று நம்பலாம். 1996-இல் வெளிவந்த ‘சூப்பர் மரியோ 64’ இதற்கு முன்னோடி. நிண்டெண்டோ நிறுவனத்தின் வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோட்டோவின் குழுவினர் உலகங்களைக் கட்டி முடிப்பதற்கு முன்பாகவே, சிறிய இடமொன்றில் மரியோ ஒரு முயலைத் துரத்திப் பிடிக்கும்படி வைத்து, அவனுடைய அசைவுகளைச் செதுக்கினார்கள். அதன் பலனை விளையாடுபவரின் விரல் உடனே உணரும். கன்ட்ரோலரின் ஸ்டிக்கை லேசாகச் சாய்த்தால் மரியோ அடிமேல் அடிவைத்து நடப்பான். முழுவதும் சாய்த்தால் ஓடுவான். இரண்டாவது உலகத்தில் உறங்கும் ஊனுண்ணிச் செடி ஒன்றின் அருகே ஓடினால் அது விழித்துக் கடிக்கும். மெல்ல நடந்து போனால் அதன் உறக்கம் கலையாது. எந்த அறிவிப்புப் பலகையும் இல்லாமல், ஸ்டிக்கை எவ்வளவு சாய்க்கலாம் என்பதை அந்தச் செடியே கற்றுக்கொடுத்துவிடுகிறது.

அசைவு இனிமையாக இருந்தால் மட்டும் போதாது. 1985-இன் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ பக்கவாட்டுக் காட்சியில் அமைந்தது. பள்ளம் எவ்வளவு அகலம், மேடை எவ்வளவு உயரம் என்ற இரண்டும் திரையில் அப்படியே தெரிந்தன. முப்பரிமாணத்தில் ஆழம் என்ற மூன்றாவது அளவு சேர்கிறது, ஆனால் திரை தட்டையாகவே இருக்கிறது. ஆகவே எதிரே மிதக்கும் மேடை அருகில் இருக்கிறதா, தள்ளி இருக்கிறதா என்பதை விளையாடுபவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. தாவுவதற்கு முன்பே கால் எங்கே பதியும் என்பது விளையாடுபவருக்குத் தெரிந்துவிட வேண்டும். அந்தத் தெளிவைத் தருகின்ற விளையாட்டையே சிறந்தது என்று நான் சொல்வேன். பாத்திரத்துக்கு நேர் கீழே விழும் வட்ட நிழல், கேமராவின் கோணம், மேடைகளின் நிறம், அவற்றுக்கிடையே உள்ள தூரம் ஆகிய அனைத்தும் அதற்கே பணி செய்கின்றன.

இவற்றுள் கேமராவைப் பாதி விளையாட்டு என்றே சொல்லலாம். ‘மரியோ 64’-இல் மேகத்தின் மீது அமர்ந்து தூண்டிலில் கேமராவைத் தொங்கவிட்டபடி மரியோவைப் பின்தொடரும் லகிட்டு என்ற பாத்திரத்தைத் தொடக்கத்திலேயே அறிமுகம் செய்துவிடுவார்கள். கோட்டைக்குள் இருக்கும் கண்ணாடி அறையில் அவனுடைய பிம்பத்தையும் பார்க்கலாம். பார்வையின் கோணத்தை மாற்றுவது புதிய பழக்கமாக இருந்த காலத்தில், அதற்கு ஒரு முகம் கொடுத்தது அருமையான யோசனை. அதே ஆண்டில் வந்த ‘கிராஷ் பாண்டிகூட்’ இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தது: பாதையைக் குறுகலாக்கி, கேமராவைத் தன் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டது. சுதந்திரம் குறைந்தாலும், எங்கே பார்ப்பது என்ற குழப்பம் எழவில்லை.

கே: நான் கல்லூரி மாணவன். நீலகிரி வரையாட்டுக் குட்டி ஒன்று பாறைகளில் தாவிச் செல்லும் சிறிய விளையாட்டை உருவாக்கி வருகிறேன். விளையாடிப் பார்த்த நண்பர்கள், தாவும்போது பலூன் போல மிதக்கிறது என்றும், பட்டனை அழுத்தியும் தாவாமல் பள்ளத்தில் விழுகிறது என்றும் சொல்கிறார்கள். எங்கே கோளாறு?
– ஒரு வாசகர், குன்னூர்

ப: நல்ல பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். நீலகிரியின் முக்குறுத்திப் பாறைகளில் வாழும் நம் மாநில விலங்கைவிடப் பொருத்தமான பிளாட்ஃபார்ம் நாயகன் கிடைப்பது அரிது.

மிதப்பதாகத் தோன்றுவதற்குப் பெரும்பாலும், எழும்போதும் இறங்கும்போதும் ஒரே ஈர்ப்பு விசையை வைத்திருப்பதே காரணமாக இருக்கும். இறங்கும்போது ஈர்ப்பைக் கூட்டிப் பாருங்கள். தாவல் உடனே கனம் பெறும். பட்டனை விட்டவுடன் எழுச்சி தணியும்படி அமைத்தால், ஒரே பட்டனில் சிறு துள்ளலும் பெருந்தாவலும் கிடைத்துவிடும். உண்மையான வரையாடு அந்தரத்தில் திசை மாற்றாது என்பது சரிதான். ஆனாலும் விளையாட்டில் அதற்குச் சிறிது இடம் கொடுங்கள், ஏனென்றால் ஆழத்தைத் தவறாகக் கணித்துவிட்ட விளையாட்டாளர் அதைத் திருத்திக்கொள்ள அந்த அரை நொடி மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

பட்டனை அழுத்தியும் தாவவில்லை என்று உங்கள் நண்பர்கள் சொல்வதை அப்படியே நம்புங்கள். அவர்கள் பாறை விளிம்பைக் கடந்த அடுத்த கணத்தில் அழுத்தியிருப்பார்கள். உங்கள் நிரலோ, கால் தரையில் இல்லை என்று அதை நிராகரித்திருக்கும். விளிம்பைத் தாண்டிய பிறகும் ஏறக்குறைய 0.1 நொடி வரை தாவலை ஏற்றுக்கொள்ளுங்கள். நொடிக்கு 60 சட்டகங்கள் (திரையில் அடுத்தடுத்து தோன்றும் படங்கள்) ஓடும் விளையாட்டில் அது 6 சட்டகங்கள்தான். யார் கண்ணுக்கும் தெரியாது. அதேபோல, தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னதாக அழுத்தப்பட்ட பட்டனையும் நினைவில் வைத்திருந்து, கால் பதிந்தவுடன் தாவச் செய்யுங்கள். இரண்டையும் சேர்த்துவிட்டால், கட்டுப்பாடு சரியில்லை என்ற குறை பெரும்பாலும் நின்றுவிடும்.

நிழலைப் பற்றியும் ஒரு வார்த்தை. புல்வெளியில் உங்கள் குட்டியின் கரிய வட்ட நிழல் தெளிவாகத் தெரியும். சோலைக்காட்டுக்குள் மரநிழலோடு கலந்து மறைந்துவிடும். அங்கே மட்டும் அதை வெளிர்நிற வளையமாக மாற்றுங்கள். சூரியன் எந்தத் திசையில் இருந்தாலும் அந்த வட்டம் காலுக்கு நேர் கீழேதான் விழ வேண்டும். இயற்கைக்கு முரணாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். தரையை அளக்க விளையாடுபவருக்கு அதைவிட நம்பகமான துணை இல்லை.

முடிந்தால், இதுவரை விளையாடாத ஒருவரிடம் கன்ட்ரோலரைக் கொடுத்து, எதுவும் சொல்லாமல் அருகில் அமர்ந்து பாருங்கள். வருபவர் அனைவரும் ஒரே பாறையில் வழுக்கினால் அந்தப் பாறையைத்தான் நகர்த்த வேண்டும்.

கே: தொண்ணூறுகளின் விளையாட்டுகள் பலவற்றில் தூரத்துக் காட்சிகள் எங்கள் ஊர்ப் பனிமூட்டத்தில் மறைவது போல மறைகின்றனவே, அது அழகுக்காகவா?
– ஒரு வாசகி, உதகமண்டலம்

ப: பெரும்பாலும் வசதிக்காக. தொலைவில் உள்ளவை அனைத்தையும் ஒரே நேரத்தில் வரைய அக்காலக் கருவிகளுக்குத் திறன் போதவில்லை என்பதால் மூட்டத்தைப் போட்டு மறைத்தார்கள். 1998-இல் வந்த ‘ஸ்பைரோ த டிராகன்’ அதைத் தவிர்த்தது. தொலைவிலுள்ள கோபுரத்தை எளிய வடிவமாக வரைந்து, நெருங்க நெருங்க நுணுக்கங்களைச் சேர்த்தது. அதனால், எட்டத்தில் ஒரு மேட்டைப் பார்த்து, அங்கே போக ஆசைப்பட்டு, சிறகை விரித்து மிதந்து போய் இறங்க முடிந்தது. அந்த ஆசையைத் தூண்டுவது இவ்வகை விளையாட்டின் பெரும் பலம்.

கே: உலகம் பெரிதாகவும், சேகரிக்க வேண்டிய பொருட்கள் மிகுதியாகவும் இருந்தால் சிறந்த விளையாட்டுதானே?
– ஒரு வாசகர், கூடலூர்

ப: நான் உடன்படவில்லை. ‘பாஞ்சோ கசூயி’யில் (1998) 9 உலகங்கள், ஒவ்வொன்றிலும் 10 புதிர்த்துண்டுகளும் 100 இசைக்குறிகளும் இருந்தன. உலகங்கள் கைக்கு அடக்கமாக இருந்ததால் தேடல் இனித்தது. அதை உருவாக்கிய ரேர் நிறுவனமே அடுத்த ஆண்டு வெளியிட்ட ‘டாங்கி காங் 64’-இல் 5 குரங்குகள். ஒவ்வொன்றும் தன் நிறத்து வாழைப்பழத்தை மட்டுமே எடுக்க முடியும். கண்ணெதிரே பழம் கிடக்கும். அதை எடுக்கப் பீப்பாய் இருக்கும் இடத்துக்குத் திரும்பிப் போய்க் குரங்கை மாற்றிக்கொண்டு வர வேண்டும். வந்த வழியிலேயே மறுபடி நடப்பதில் எனக்கு எந்தச் சுவையும் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறான வழியை நிண்டெண்டோவின் கோய்ச்சி ஹயாஷிடா ‘சூப்பர் மரியோ 3டி லேண்ட்’ (2011) விளையாட்டில் காட்டினார். ஒரு புதிய விளையாட்டு உத்தியை முதலில் ஆபத்தில்லாத இடத்தில் அறிமுகம் செய்வது, பிறகு வளர்ப்பது, எதிர்பாராத திருப்பம் கொடுப்பது, முடித்துவைப்பது, அதோடு அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது. சில நிமிடங்களில் முடியும் சிறிய நிலைகள்தான், ஆனால் சலிப்பதற்கு நேரமே இல்லை. 2024-ஆம் ஆண்டின் சிறந்த விளையாட்டு என்று ‘த கேம் அவார்ட்ஸ்’ விழாவில் விருது பெற்ற ‘ஆஸ்ட்ரோ பாட்’டும் ஒரு நிலையில் காட்டிய வித்தையை நீட்டிக்காமல் அடுத்ததற்கு நகர்ந்துவிடுகிறது.

கே: எனக்கு வயது 62. பேரனோடு சேர்ந்து விளையாட ஆசை. ஒரு கையால் பாத்திரத்தையும் மறு கையால் கேமராவையும் இயக்க வரவில்லை. எதில் தொடங்கலாம்?
– ஒரு வாசகி, கொடைக்கானல்

ப: அம்மா, கேமராவை நீங்கள் தொடவே தேவையில்லாத விளையாட்டில் தொடங்குங்கள். ‘சூப்பர் மரியோ 3டி வேர்ல்ட்’ பெரும்பாலும் தானே நல்ல கோணத்தைத் தேர்ந்துகொள்ளும். 4 பேர் வரை ஒன்றாக விளையாடலாம். பேரன் முன்னே ஓடிவிட்டால் குமிழிக்குள் புகுந்துகொண்டு அவன் இருக்கும் இடத்துக்கு மிதந்து சேர்ந்துவிடலாம். கை பழகிய பிறகு ‘ஒடிஸி’யை உதவி முறையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். போக வேண்டிய வழியை அம்புக்குறி காட்டும். உயிர் அளவு கூடுதலாக இருக்கும். பள்ளத்தில் விழுந்தாலும் குமிழி ஒன்று உங்களைத் தூக்கிவந்து மேலே விட்டுவிடும். கேமரா ஸ்டிக்கைப் பழக, முதலில் ஓரிடத்தில் நின்றபடி சுற்றிலும் பார்ப்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். நடந்துகொண்டே திருப்புவது தானாக வந்துவிடும்.