நாய் உள்ளேயா வெளியேயா? முதலில் பல்முரசைப் பாருங்கள்

கேள்வி: உரும்பிராயில் வெங்காயத் தோட்டம் செய்கிறேன். காவலுக்கு வாங்கிய ஜேர்மன் ஷெப்பர்ட் நாய்க்கு எட்டு மாதம். கோடிப்பக்கத்தில் தகரக் கூட்டில் கட்டியிருக்கிறோம். இரண்டு நாளாகச் சாப்பிடாமல் சுருண்டு படுத்திருக்கிறது, உடம்பில் உண்ணியும் உண்டு. வெயில் தாங்கவில்லை, வீட்டுக்குள் விடுவோம் என்கிறாள் மகள். நாய் உள்ளே வரக்கூடாது என்கிறார் அம்மா. எது சரி?

பதில்: தம்பி, அதைப் பிறகு பார்ப்போம். இப்போதே எழும்பிப் போய் நாயின் மேலுதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறிப் போயிருந்தால், அல்லது சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனால், பெரும்பாலும் உண்ணிக் காய்ச்சல்தான். உண்ணி கடிக்கும்போது பபீசியா என்ற கிருமி இரத்தத்துக்குள் போய்ச் சிவப்பணுக்களை உடைக்கிறது. முரசு நன்றாக இருந்தாலும் இரண்டு நாள் பட்டினி கிடந்த குட்டி, இன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

மருந்துக்கடைக்குப் போய் நிற்காதீர்கள். வெங்காயத்துக்கு அடிக்கிற மருந்தில் ஒரு மூடியைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டச் சொல்லிக் கொடுத்த கடை ஒன்றை எனக்குத் தெரியும். அந்த நாய் உடம்பை நக்கி, வாயில் நுரை தள்ளி, நாலு காலும் வெட்டி வெட்டி இழுத்ததைப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தவன் நான், இன்னும் ஆறவில்லை. மாட்டு உண்ணி மருந்தைக் கண்ணளவில் கலந்து பூசுவதும் அதே பிழைதான். நாயின் நிறை எவ்வளவு என்று கேட்காமல் மருந்தை நீட்டுகிறவரிடம் எதுவும் வாங்க வேண்டாம்.

அப்புறம், நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் பாதி வேலைகூட முடியாது. உண்ணி இரத்தம் குடிக்கிற நாட்களில்தான் நாயில் இருக்கும். வயிறு வீங்கியதும் கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் தகர மடிப்பிலும் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டை இடும், குஞ்சுகள் அங்கேயே நாய்க்காகக் காத்துக் கிடக்கும், வளர்ந்த உண்ணி சாப்பாடில்லாமலே மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். இரவில் டோர்ச் அடித்துக் கூட்டின் மூலைகளைப் பாருங்கள், மிளகை ஒட்டி வைத்ததுபோல் இருக்கும். படுக்கிற சாக்கை எரியுங்கள், வெடிப்புகளைச் சீமெந்தால் அடையுங்கள், மூலைகளில் கொதிநீர் ஊற்றுங்கள். கிழமைக்கு ஒருமுறை, இரண்டு மாதமாவது. இதைச் செய்யாமல் நாயை அறைக்குள் விட்டால் உண்ணி கட்டில் சட்டத்துக்குள் குடியேறிவிடும், அம்மா சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பகலில் சங்கிலி இல்லாமல் வளவுக்குள் மர நிழலில் திரியட்டும், இரவில் விறாந்தையில் படுக்கட்டும், விரிக்கிற துணியைக் கிழமைக்கு ஒருமுறை அவித்துத் தோயுங்கள். அடர்ந்த மயிர்க்காரனை வைகாசி வெயிலில் தகரத்தின் கீழ் கட்டுவது கொடுமை, அந்தக் கூட்டைக் கழற்றிவிடுங்கள். விசர்நாய்த் தடுப்பூசி வருடம் தவறாமல் போட வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று: வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், அவித்தாலும் பொரித்தாலும் அப்படித்தான். மிச்சக் கறிச்சோற்றை இன்றோடு நிறுத்துங்கள். வெங்காயம் காயவிட்ட கொட்டிலுக்குள்ளும் நாயை விட வேண்டாம்.