படம் எங்கிருந்து வந்தது? கேள்வி பதில்

கேள்வி: செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படத்தை விரல்களை எண்ணியே கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்களே?

பதில்: அந்தக் காலம் மலையேறிவிட்டது. 2023 மார்ச்சில் போப் பிரான்சிஸ் வெள்ளைக் குளிரங்கியில் நடப்பது போன்ற படம் உலகைச் சுற்றியது. மிட்ஜர்னி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியில் செய்த அந்தப் படத்தில் கையைக் கூர்ந்து பார்த்தவர்களுக்குக் கோளாறு தெரிந்தது. கருவிகள் இன்று வெகுதூரம் வந்துவிட்டன. படத்துக்குள் துழாவுவதைவிட வெளியே தேடுங்கள். முதலில் வெளியிட்டவர் யார்? அதே காட்சியை வேறு கோணத்தில் யாராவது எடுத்திருக்கிறார்களா? ஆயிரம் பேர் கூடிய இடத்துக்கு ஒரே ஒரு படம்தான் இருக்கிறதென்றால் நான் நம்ப மாட்டேன்.

கேள்வி: வெள்ளம் சூழ்ந்த நெடுஞ்சாலையில் காருக்கு அருகே சுறா நீந்தும் படம் உண்மையா?

பதில்: பொய். 2011இல் ஐரீன் புயலின்போது, இது கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவில் எடுத்தது என்றார்கள். 2017இல் ஹார்வி புயலின்போது அதே படம் அமெரிக்க நகரமான ஹூஸ்டனில் எடுத்ததாக ஆனது. அந்தச் சுறா, தென்னாப்பிரிக்கக் கடலில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகைப் பின்தொடரும்போது புகைப்படக் கலைஞர் தாமஸ் பெஷாக் எடுத்த படத்திலிருந்து வெட்டியெடுக்கப்பட்டது. பெஷாக்கின் படம் 2005இலேயே அச்சில் வந்துவிட்டது. சுறா நிஜம், அதை வெள்ளத்தில் ஒட்டியதுதான் மோசடி. முழுக்கக் கற்பனையான பொய்யைவிட இப்படிப் பாதி நிஜம் கலந்த பொய்தான் நெடுநாள் பிழைக்கிறது.

கேள்வி: அப்படியானால் இத்தகைய எதையுமே நம்பாமல் இருந்துவிடலாமே?

பதில்: கூடாது, கூடவே கூடாது. 2022இல் இயான் புயலின்போது, புளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸில் வெள்ள நீரில் சுறா போன்ற பெரிய மீன் துள்ளும் வீடியோ வந்தது. 'பழைய கதை' என்று பலர் ஒதுக்கினார்கள். எடுத்தவரின் மூலக் கோப்பில் பதிவான தகவல்களைச் செய்தியாளர்கள் சோதித்தபோது வீடியோ அசல் என்று தெரிந்தது. எல்லாமே பொய் என்று மக்கள் சலித்துப்போனால், கையும் களவுமாகப் பிடிபட்டவனும் 'அது போலி வீடியோ' என்று சொல்லித் தப்பிவிடுவான். எனக்குப் பெரிய அச்சம் இதுதான்.

கேள்வி: பழைய படத்தை எப்படித் தேடுவது?

பதில்: படத்தைக் கொடுத்தால் அது இணையத்தில் வேறெங்கே இருக்கிறது என்று தேடித்தரும் கூகுள் லென்ஸ், டின்ஐ (TinEye) இரண்டிலும் தேடுங்கள். டின்ஐயில் மிகப் பழைய பதிவு முதலில் வரும்படி வரிசைப்படுத்தலாம். வீடியோவானால் ஓரிடத்தில் நிறுத்தி, அந்தக் காட்சியைப் படமாக்கித் தேடுங்கள். கிடைக்காவிட்டால் இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். தேடலில் சிக்காமலிருக்கச் சிலர் அப்படித் திருப்பிப் போடுவதுண்டு.

கேள்வி: இவற்றைப் பரப்புவது தானியங்கிக் கணக்குகள்தானே?

பதில்: நாமும்தான். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்த கட்டுரை 2018இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம் என்றும், அதற்குக் காரணம் தானியங்கிகளைவிட மனிதர்களே என்றும் அது கண்டது.

கேள்வி: குடும்பக் குழுவில் பெரியப்பா தினமும் இப்படி அனுப்புகிறார். எப்படிச் சொல்வது?

பதில்: குழுவில் எல்லோர் முன்னாலும் திருத்தாதீர்கள், ரோஷம் வந்துவிடும். தனியாக அழைத்து, 'இதன் பழைய படம் கிடைத்தது, பாருங்கள் பெரியப்பா' என்று அனுப்புங்கள். தேடும் முறையையும் அவர் கைபேசியிலேயே காட்டிக்கொடுங்கள். அடுத்த முறை அவரே தேடிப் பார்க்கக்கூடும்.