ரிப்போட்ல பொசிட்டிவ் எண்டா அவர்தான் காரணமோ?

கேள்வி: அக்கா, எனக்கு 35 வயசு, ரெண்டு பிள்ளைகள். மிட்வைஃப் மிஸ் சொல்லித்தான் கிளினிக்குக்குப் போய் டெஸ்ட் எடுத்தன், இப்ப எச்.பி.வி பொசிட்டிவ் எண்டு வந்திருக்கு. அவர் கட்டார்ல வேலை, வருசத்துக்கு ஒருக்காத்தான் வாறவர். எனக்கு அவரைத் தவிர வேற ஆரும் இல்ல, அப்ப அவர்தானே எங்கயோ போய்க் கொண்டுவந்திருக்கோணும்? நித்திரையே இல்ல. மாமிக்கும் பிள்ளைகளுக்கும் தொத்திடும் எண்ட பயத்தில என்ட கோப்பை, துவாய் எல்லாம் பிறிம்பா வச்சிருக்கன். இது கான்சரோ அக்கா?
— பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, முதல்ல அந்தக் கோப்பையையும் துவாயையும் பழையபடி எல்லாரோடயும் சேர்த்து வையுங்கோ. பிள்ளைக்கு சோறு தீத்துறதாலயோ கொஞ்சுறதாலயோ ஒரே பாத்ரூம் பாவிக்கிறதாலயோ பரவுற சாமான் இல்ல இது, உடலுறவு நேரம் தோலோட தோல் படுறதால தொத்துறது. இன்னொண்டு, எச்.பி.வி எண்டது பப்பிலோமா எண்ட வைரஸ், எயிட்ஸ் வருத்தத்தைக் கொண்டுவாற எச்.ஐ.வி வேற. பெயர் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறதால எத்தினையோ பேர் ரெண்டையும் குழப்பி அழுதுகொண்டு இருக்கினம்.

கான்சரோ எண்டு கேட்டீங்கள். இல்ல. இந்த வைரஸ்ல 200க்கு மேல வகை இருக்கு, அதில 14 அளவிலதான் கான்சர் பக்கம் போகக்கூடியது, அதுவும் தொத்தின ஆக்களில பத்துக்கு ஒன்பது பேருக்கு ரெண்டு வருசத்துக்குள்ள உடம்பே அடக்கிப்போடும். அடங்காமத் தொடர்ந்து இருந்தாத்தான் கர்ப்பப்பை வாசல்ல கலங்கள் மாறத் தொடங்கும், அது கான்சரா வர சாதாரணமா 15, 20 வருசம் எடுக்கும். அவ்வளவு காலம் இருக்கிறபடியாத்தான் 35 வயசிலயும் பிறகு 45லயும் கூப்பிட்டு டெஸ்ட் எடுக்கினம், வருத்தம் வரமுதலே பிடிக்கிறதுக்கு. நீங்க போனது நல்ல வேலை, மிஸ்ஸுக்கும் ஒரு நன்றி சொல்லுங்கோ.

இனி அவர் விஷயம். இந்த வைரஸ் ஒரு அறிகுறியும் காட்டாம வருசக்கணக்கா உடம்புக்குள்ள பேசாம இருக்கும். கலியாணத்துக்கு முந்தியே அவருக்குத் தொத்தி இருக்கலாம், உங்களுக்குப் பல வருசத்துக்கு முதல் வந்து இப்பதான் டெஸ்ட்ல பிடிபட்டிருக்கலாம். எப்ப வந்தது, ஆரிட்ட இருந்து வந்தது எண்டு சொல்ற டெஸ்ட் உலகத்திலயே இல்ல, ஆம்பிளைகளுக்கு எண்டு வழமையா எடுக்கிற எச்.பி.வி டெஸ்டும் இல்ல, அதால "நீங்களும் எடுத்துக் காட்டுங்கோ" எண்டு அவரைக் கேட்டும் பிரயோசனம் இல்ல. நான் அவருக்காகக் கதைக்கேல்ல, அவரை எனக்குத் தெரியாது. உங்களுக்கு வேற காரணத்தால சந்தேகம் இருந்தா அதைத் தனியா நேர கேளுங்கோ, பயமா இருந்தா கொழும்பு 10 டி சேரம் பிளேஸ்ல இருக்கிற அரச பாலியல் நோய் கிளினிக்குக்குப் போய் மற்ற டெஸ்டுகளையும் எடுங்கோ, காசில்ல, விஷயம் வெளியில போகாது. ஆனா இந்த ஒரு ரிப்போட்டை மட்டும் வச்சு ஒரு மனுசனைக் குற்றவாளி ஆக்காதைங்கோ தங்கச்சி, உங்கட குடும்பத்தையும் உங்களையும் நினைச்சுத்தான் இதைச் சொல்றன்.

அவருக்குச் சொல்லுங்கோ, மறைக்க வேண்டாம். வேலை முடிஞ்சு வந்து ஆறி இருக்கிற நேரம் கோல் எடுத்து, "ஒரு டெஸ்ட்ல இப்பிடி வந்திருக்கு, கனபேருக்கு வாறதாம், எனக்கு பயமா இருக்கு, என்னோட கொஞ்சம் கதையுங்கோ" எண்டு தொடங்குங்கோ. "ஆரோட போனீங்கள்" எண்டு தொடங்கினா அந்தக் கதை வேற எங்கயோ போய் முடியும்.

டொக்டரிட்ட கேக்கவேண்டியது, எந்த வகை எண்டு. கர்ப்பப்பை வாசல் கான்சர்ல நூற்றுக்கு 70 அளவு 16, 18 ரெண்டு வகையாலதான் வாறது, அது எண்டா கொல்போஸ்கொபி செய்யச் சொல்லுவினம். வேற வகையா இருந்து பாப் ரிப்போட்டும் (கர்ப்பப்பை வாசல்ல இருந்து எடுத்த கலங்களைப் பாக்கிற டெஸ்ட்) நோர்மல் எண்டா பெரும்பாலும் ஒரு வருசத்தால திரும்ப எடுத்துப் பாக்கிறதுதான். கொல்போஸ்கொபி எண்டா ஒபரேஷன் இல்ல, வினாகிரி மாதிரி ஒரு மருந்தைத் தடவி பெருப்பிச்சுக் காட்டுற கருவியால பாப்பினம், வெள்ளையாத் தெரியிற இடத்தில ஒரு துளி சதை எடுப்பினம். கொஞ்சம் நோகும், ரெண்டு நாளைக்கு லேசா ரத்தம் படலாம். சின்ன மாற்றம் எண்டா கனக்க நேரம் தானா மாறும், பெரிசு எண்டா அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுப்பினம், கர்ப்பப்பையையே எடுக்கிற கதை இல்ல. வைரஸைக் கொல்ல எண்டு மருந்து ஒண்டும் இல்ல, ஆராவது தூள், கசாயம் எண்டு வித்தா காசைக் குடுக்காதைங்கோ.

கேள்வி: மகள் ஆறாம் ஆண்டு. ஸ்கூல்ல எச்.பி.வி ஊசி போடப்போகினமாம். பிறகு பிள்ளை பிறக்காது எண்டு சொந்தக்காரர் பயப்பிடுத்துகினம்.
— ஒரு அம்மா, கொட்டாஞ்சேனை

பதில்: போடுங்கோ. 2017ல இருந்து இலங்கையில ஆறாம் ஆண்டுப் பெண் பிள்ளைகளுக்குப் போடுகினம். ஊசிக்குள்ள வைரஸே இல்ல, அதின்ட வெளிக்கோது மாதிரிச் செய்த புரதம் மட்டும்தான், பிள்ளைப்பேறைத் தடுக்கிறதுக்கு அதில ஒண்டும் இல்ல. கை கொஞ்சம் நோகும், சில பிள்ளைகள் பயத்தில மயங்கும், அதால காலமை சாப்பிடக் குடுத்து அனுப்புங்கோ. வைரஸ் தொத்த முதல் போட்டாத்தான் முழுப் பலன், அதுதான் இந்த வயசில. நீங்களும் 35 தாண்டி இன்னும் டெஸ்ட் எடுக்கேல்லை எண்டா உங்கட பகுதி சுகாதார வைத்திய அதிகாரியின்ட எம்.ஓ.எச் ஒஃபிஸ்ல பெண்களுக்கான வெல் வுமன் கிளினிக் எந்த நாள் எண்டு கேட்டுப் போங்கோ.

கேள்வி: எனக்கு 26. மறைவிடத்தில பாலுண்ணி மாதிரி வந்திருக்கு. பார்மசியில மருந்து வாங்கலாமோ?
— தெஹிவளை

பதில்: வேண்டாம் தம்பி, கால்ல வாற பாலுண்ணிக்குப் பூசுற மருந்தை அங்க பூசினா தோல் வெந்துபோகும். பாத்தாத்தான் சொல்லலாம், எச்.பி.வியால வாறதா இருந்தா பெரும்பாலும் 6, 11 வகை, கான்சர் ஆக்கிறது இல்ல. மேல சொன்ன டி சேரம் பிளேஸ் கிளினிக்கில மருந்து பூசியோ உறைய வச்சோ எடுத்துவிடுவினம், திரும்ப வந்தாலும் திரும்ப எடுக்கலாம். அதுவரைக்கும் அந்த இடத்தை ஷேவ் பண்ணவேண்டாம், துணை இருந்தா அவவுக்கும் சொல்லுங்கோ.