காம்பாக்ட் டிராக்டருக்கு எத்தனை அடி பனி பிளேடு?

கேள்வி: என்னிடம் 25 குதிரைத்திறன் கொண்ட, நான்கு சக்கர இயக்கமுள்ள காம்பாக்ட் டிராக்டர் இருக்கிறது. பின்டயர்களின் வெளிவிளிம்புகளுக்கு இடையே 54 அங்குலம். பனி ஒதுக்க வேண்டிய பாதை 9 அடி அகலமுள்ள ஜல்லிப் பாதை. முன்புற லோடரில் மாட்டும் பிளேடு 5, 6, 7 அடி என மூன்று அளவுகளில் கிடைக்கிறது. பெரிய பிளேடாக வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும் என்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: 6 அடி பிளேடை வாங்குங்கள். பிளேடின் அளவை எஞ்சினின் குதிரைத்திறனைக் கொண்டு முடிவு செய்வதுதான் பரவலான வழக்கம். ஆனால் பனியில் எஞ்சின் திணறுவதற்கு வெகு முன்பே டயர் வழுக்கிவிடுகிறது. ஆகவே டயர்களின் அகலத்தையும் டிராக்டரின் எடையையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அகலத்தை எடுத்துக்கொள்வோம். பனியை ஓரத்துக்குத் தள்ள பிளேடைச் சாய்த்துத்தான் ஓட்டுவீர்கள். அப்படிச் சாய்க்கும்போது அது துடைக்கும் அகலம் குறைந்துவிடும். வழக்கமான 30 பாகைச் சாய்வில் முழு நீளத்தில் ஏறத்தாழ 87 விழுக்காடுதான் பயன்படும். அந்தக் கணக்கில் 5 அடி பிளேடு 52 அங்குலத்தை மட்டுமே துடைக்கும். உங்கள் டயர்களோ 54 அங்குலத்தில் ஓடுகின்றன. அதாவது ஒதுக்கப்படாத பனியின் மேல் டயர் ஏறி, அதை நசுக்கிக் கெட்டியாக்கிவிடும். இப்படி அழுத்தப்பட்ட பனி இரவில் உறைந்து ஜல்லியோடு ஒட்டிக்கொண்டால், மறுநாள் எந்த பிளேடாலும் அதை எளிதில் பெயர்க்க முடியாது. 6 அடி பிளேடு சாய்ந்த நிலையிலும் 62 அங்குலம் துடைக்கும் என்பதால் டயருக்கு இருபுறமும் 4 அங்குலம் மிஞ்சும். அந்த அளவு மிச்சம் போதுமானது.

7 அடி பிளேடு 73 அங்குலம் துடைக்குமே என்று தோன்றலாம். உங்கள் பாதையின் அகலம் 108 அங்குலம். 6 அடி பிளேடு போக ஒருமுறை, வர ஒருமுறை என இரண்டு நடையில் அதை முடித்து, நடுவில் இரண்டு நடைகளும் 16 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று படியவும் செய்கின்றன. 7 அடி பிளேடுக்கும் அதே இரண்டு நடைதான் வேண்டும். கூடுதல் ஓர் அடிக்குப் பணமும் எடையும் கொடுத்தும் ஒரு நடைகூட மிச்சமாகவில்லை என்றால், அது வேண்டாத சுமையே.

இனி எடை. புதிதாக விழுந்த உலர்ந்த பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ வரை இருக்கும். ஈரம் ஏறிய பனி 300 கிலோவையும் எட்டும். 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஈரப்பனி கிடக்கும்போது 6 அடி பிளேடை நேராக வைத்துத் தள்ளினால், முன்னேறும் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 80 கிலோ பனி எதிரே சேரும். 7 அடி பிளேடில் அது 95 கிலோவை ஒட்டிவரும். ஓரங்களில் கொஞ்சம் சரிந்து போனாலும், பத்து மீட்டர் தள்ளுவதற்குள் இலேசான டிராக்டரின் டயர்கள் நின்ற இடத்திலேயே சுழலத் தொடங்கிவிடும். அகலமான பிளேடில் இன்னொரு தொல்லையும் உண்டு: அதன் மூலை பனிக்குள் மறைந்த கல்லில் மோதினால், நெம்புகோலின் நீளம் கூடுதலாக இருப்பதால் டிராக்டரின் முகமே ஒரு பக்கம் திரும்பிவிடும், லோடரின் கைகளும் முறுக்குண்ணும். லோடர் மேலே தூக்குவதற்காக அமைக்கப்பட்டதே அன்றி, பக்கவாட்டு இடியைத் தாங்குவதற்காக அன்று. ஆகவே தடை மோதினால் பிளேடு முன்புறம் மடிந்து மீளும்படி ஸ்பிரிங் வைத்த அமைப்பு உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். லோடரில் மாட்டும் பிளேடுக்கு இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன்.

முன்னால் பிளேடு தொங்கும்போது பின்டயர்களின் மீதுள்ள பாரம் குறைந்துவிடும் என்பதால், பின்புற மும்முனை இணைப்பில் எடைப்பெட்டி ஒன்றை மாட்டுங்கள். எத்தனை கிலோ என்பது டிராக்டரின் கையேட்டில் இருக்கும். பின்டயர்களுக்குச் செயின் போடுவதானால், மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே அது உரசாமல் சுழல இடம் இருக்கிறதா என்று கவனியுங்கள். செயின் பக்கவாட்டில் புடைத்து நிற்கும் என்பதால், டயர் அகலத்தைச் செயின் போட்ட பிறகு மறுபடி அளப்பது நல்லது. ஒவ்வொரு பின்டயரின் வெளிப்புறத்தையும் ஒட்டி ஒரு நேரான கட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, இரு கட்டைகளுக்கும் இடையே தரையோடு அளந்தால் சரியான அளவு கிடைக்கும். அது 58 அங்குலத்தைத் தாண்டாத வரை 6 அடி பிளேடே போதும்.

பிளேடின் உயரம் 18 முதல் 24 அங்குலத்துக்குள் இருந்தால் சரி. பாதை ஜல்லி என்பதால், பிளேடின் அடியில் உள்ள சறுக்குக் காலணிகளை இறக்கி, விளிம்பு தரையிலிருந்து ஓர் அங்குலமாவது உயர்ந்து நிற்கும்படி வையுங்கள். இல்லாவிட்டால் பனியோடு ஜல்லியும் ஓரத்துக்குப் போய்விடும். தரை நன்றாக உறைந்து இறுகிய பிறகு அந்த இடைவெளியைக் குறைத்துக்கொள்ளலாம். ஓட்டும்போது லோடரை ஃப்ளோட் நிலையில், அதாவது பிளேடு தன் எடையிலேயே தரையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் நிலையில் விடுங்கள். பிளேடைக் கீழ்நோக்கி அழுத்தினால் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பி, ஸ்டீயரிங் பிடிக்காமல் போகும்.

பருவத்தின் முதல் பனியைப் பாதையின் விளிம்போடு நிறுத்தாமல், இடமிருந்தால் இரண்டு மூன்று அடி அப்பாலும் தள்ளிவிடுங்கள். ஓரத்தில் குவிந்த பனி உறைந்து சுவராக நின்றுவிட்டால், அடுத்தடுத்த பொழிவில் பாதை குறுகிக்கொண்டே வரும். அந்தச் சுவரைப் பின்னுக்குத் தள்ளும் எடை உங்கள் டிராக்டருக்குக் கிடையாது.