மகள் சம்மதித்தார், மகன் மறுக்கிறார்: நாவலைப் படமாக்கலாமா?

கேள்வி: 2011ல் மறைந்த சிங்கப்பூர் எழுத்தாளரின் நாவலைப் படமாக எடுத்துவருகிறேன். பக்திமானாக வேடமிட்டு அடுத்தடுத்துக் கொலை செய்யும் வட்டிக்காரரைப் பற்றிய நையாண்டிக் கதை. எழுத்தாளர் உயில் எழுதவில்லை. அவருடைய மகள் வாட்ஸ்அப்பில் சம்மதித்தார். தேக்காவில் பாதிப் படப்பிடிப்பு முடிந்து 40,000 வெள்ளி செலவான பிறகு அந்த மகளின் அண்ணன் மறுக்கிறார். நையாண்டிக்குச் சட்டத்தில் விலக்கு உண்டாமே? ரத்தக் காட்சிகளால் தடை வருமா?
- ஈசூன் வாசகர்

பதில்: முதலில் படப்பிடிப்பை நிறுத்துங்கள்.

"தாராளமா எடுங்க தம்பி, அப்பா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு" என்று மகள் எழுதியிருக்கிறார். மனமாரத் தந்த சம்மதம்தான். ஆனால் அவர் ஒருவரே தரக்கூடிய உரிமையா இது? எழுத்தாளர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 70 ஆண்டுகள் காப்புரிமை நீடிக்கும். இந்த நாவலுக்கு 2081 இறுதிவரை. உயில் இல்லை என்கிறீர்கள். 1967ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவி இருந்தால் அவருக்குப் பாதி, மீதி பிள்ளைகளுக்குச் சமபங்கு. தங்கையின் சம்மதம் அண்ணனைக் கட்டுப்படுத்தாது. தாயார் இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவே இல்லை; அதைக் கேளுங்கள். சொத்தை நிர்வகிக்க நீதிமன்றத்தின் பத்திரம் யாரிடம் இருக்கிறதோ, அவர் கையொப்பம் வேண்டும். படமெடுக்கும் உரிமை உங்களுக்கு மட்டுமே வேண்டுமென்றால் வாய்ச்சொல் செல்லாது, எழுத்தில்தான் வாங்க வேண்டும். பதிப்பாளருடன் போட்ட ஒப்பந்தத்தையும் வாங்கிப் படியுங்கள். "அனைத்து உரிமைகளும்" என்ற ஒரு வரியில் எல்லாமே கைமாறியிருக்கலாம்.

நையாண்டிக்கு இங்கே தனி விலக்கு கிடையாது. 2021 காப்புரிமைச் சட்டம் 'நியாயமான பயன்பாடு' என்பதை, அதாவது அனுமதி வாங்காமலே ஒரு படைப்பை நியாயமான அளவில் பயன்படுத்துவதை, அனுமதிக்கிறது. முழு நாவலையும் எடுத்து வணிகப் படமாக்குவதற்கு அது கைகொடுக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அண்ணன் தடையுத்தரவு கேட்டால் அந்த 40,000 வெள்ளியும் முடங்கிவிடும்.

தணிக்கைக்கு வருவோம். ரத்தம் மட்டுமே தடைக்குக் காரணமாகும் என்று அஞ்ச வேண்டாம். 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான எம்18, 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான ஆர்21 தரங்கள் இருப்பதே அப்படிப்பட்ட படங்களுக்காகத்தான். தொடர் கொலைகாரனைப் பற்றிய நையாண்டி நாவலான 'அமெரிக்கன் சைக்கோ' 2000ல் படமாக வந்தபோது அமெரிக்கத் தரக்குழு முதலில் மறுப்புக் காட்டியது கோடரிக் காட்சிக்கு அல்ல, படுக்கையறைக் காட்சிக்கு. இங்கே கவனிக்க வேண்டியது சமயம். ஒரு மதத்தை இழிவுபடுத்துவதாகப் பட்டால் தகவல் தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் எந்தத் தரமும் தராமல் மறுக்கலாம். உங்கள் திரைக்கதையில் வட்டிக்காரர் கொலை செய்த கையைக் கழுவிவிட்டுத் திருநீறு பூசுகிறார். பயந்துபோய் அதை வெட்டிவிடாதீர்கள், நாவலின் உயிரே அங்குதான் இருக்கிறது. கேலி திருநீற்றின் மீது விழாமல் அவர் முகத்தின் மீது விழும்படி எடுங்கள். முடிவு பாதகமானால் திரைப்பட மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது.

அண்ணனுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பாதீர்கள். திரைக்கதையோடு நேரில் போங்கள். நையாண்டி கரைந்து கொலைகள் மட்டும் திரையில் மிஞ்சினால் அப்பாவின் பெயர் கெடும் என்று அவர் பயப்படலாம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அந்தத் திருநீற்றுக் காட்சியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். சம்மதித்தால் அன்றைக்கே கையொப்பம் கேட்காதீர்கள். அவரும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுப் போடட்டும்.