ஆறு, ஏழு வயதுக் குழந்தை ஆங்கிலத்தை இலக்கணப் பிழை குறைவாகப் பேசவும் எழுதவும் வீட்டில் எப்படிப் பழக்குவது?

இந்த வயதுக் குழந்தை சொல்லக்கூடிய மூன்று பிழைகளை எடுத்துக்கொள்வோம்: ‘ஹி கோ’, ‘த்ரீ புக்’, ‘டிட் யூ வென்ட்?’. மூன்றும் வேறு வேறு காரணத்தால் வருபவை. முதலாவதை இப்போதைக்குக் கண்டுகொள்ளாமல் விடலாம். இரண்டாவதை விளையாட்டிலேயே சரிசெய்யலாம். மூன்றாவதுக்கு மட்டும் உட்கார்ந்து காட்ட வேண்டும்.

‘ஹி கோஸ்’ என்பதில் வரும் அந்த ‘எஸ்’, ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள குழந்தைகளுக்கே தாமதமாகத்தான் வருகிறது. அமெரிக்க உளவியலாளர் ரோஜர் பிரவுன் 3 குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து கவனித்து, 14 இலக்கண உருபுகள் (‘இங்’, ‘எஸ்’ போன்ற சின்னத் துண்டுகள்) எந்த வரிசையில் படிகின்றன என்று 1973இல் எழுதினார். ‘இங்’ முதலில் வந்தது. இந்த ‘எஸ்’ பத்தாவது இடத்தில் இருந்தது. ஆகவே முதலில் ‘ஹி இஸ் ரன்னிங்’ வகை வாக்கியங்களை வாயில் ஏற்றுங்கள். ஒரு படத்தைக் காட்டி, அதில் ஆளுக்கு ஆள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டாலே போதும்.

‘த்ரீ புக்’ தமிழிலிருந்து வந்தது. ‘மூணு புத்தகம்’ என்பது நமக்குச் சரியான பேச்சு. எண் சொன்ன பிறகு ‘கள்’ எதற்கு? குழந்தை அதே நியாயத்தை ஆங்கிலத்துக்கும் பொருத்துகிறது. ‘ஹி டால்’ என்று நடுவில் ‘இஸ்’ இல்லாமல் சொல்வதும் இப்படித்தான்: ‘அவன் உயரம்’ என்பதில் வினைச்சொல்லே கிடையாது. பென்சில், பொத்தான் என எதையாவது இரண்டிரண்டாக எண்ண வைத்தால் பன்மை சீக்கிரம் படிந்துவிடும்.

‘வென்ட்’, ‘ஏட்’ என்பதற்குப் பதில் ‘கோட்’, ‘ஈட்டட்’ என்று குழந்தை சொன்னால் பதறாதீர்கள். அது முன்னேற்றம். குழந்தைகளின் மொழியை ஆராய்ந்த ஜீன் பெர்கோ 1958இல், ‘வக்’ என்று இல்லாத ஒரு பிராணிக்குப் பெயர் வைத்துப் படம் காட்டினார். இரண்டு இருந்தால் என்ன என்று கேட்டதும் குழந்தைகள் ‘வக்ஸ்’ என்றார்கள். கேட்டிராத சொல்லுக்கும் விதியைப் பொருத்தினார்கள் என்று பொருள். ‘கோட்’ சொல்கிற குழந்தைக்கும் விதி பிடிபட்டுவிட்டது, விதிவிலக்குதான் பாக்கி. ‘வென்ட்’, ‘ஏட்’ எல்லாம் திரும்பத் திரும்பக் காதில் விழுந்து படிய வேண்டியவை.

இப்போது ‘டிட் யூ வென்ட்’. தமிழில் ‘பாடுகிறாள்’ என்பதைக் கேள்வியாக்க, கடைசியில் ஒரு ‘ஆ’ போட்டால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் முன்னால் ஒரு சொல் வந்து நிற்கிறது, அது பின்னால் இருப்பதைப் பிடுங்கிக்கொள்கிறது. அதைக் கண்ணால் காட்டுங்கள். ‘ஷி’, ‘சிங்’ என்று இரண்டு அட்டை. ‘எஸ்’ மட்டும் தனியே ஒரு சின்னத் துண்டு. மூன்றையும் வரிசையாக வைத்தால் ‘ஷி சிங்ஸ்’. பிறகு ‘டூ’ அட்டையை முன்னால் வைத்து, அந்த ‘எஸ்’ துண்டைக் குழந்தையின் கையாலேயே எடுத்து ‘டூ’வுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். ‘டஸ் ஷி சிங்?’ (எழுதும்போது நடுவே ஒரு ‘ஈ’ சேரும்; அதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.) துண்டு ஒன்றே ஒன்று, ‘சிங்’கிடம் இனி இல்லை என்பது சொல்லாமலே விளங்கும். அந்தத் துண்டை இரண்டாக வெட்டி வைத்துவிடாதீர்கள், விஷயமே அந்த ஒற்றைத் துண்டுதான்.

இறந்தகாலமும் அப்படியே. ‘வென்ட்’ என்பது ‘கோ’ போட்டுக்கொண்ட நேற்றுச் சட்டை. ‘டிட்’ வந்தால் சட்டையை அது வாங்கிப் போட்டுக்கொள்ளும். ‘கோ’ பழையபடி நிற்கும். ‘டிட் நாட் வென்ட்’, ‘டஸ் நாட் லைக்ஸ்’ எல்லாம் இந்த ஒரு விளக்கத்தில் அடங்கிவிடும்.

பழக்கத்துக்கு, மனதில் ஒரு விலங்கை நினைத்துக்கொண்டு குழந்தையைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: ‘டஸ் இட் ஹேவ் விங்ஸ்?’, ‘கேன் இட் ஸ்விம்?’, ‘இஸ் இட் பிக்?’. விட்டால் ‘லயன்? டைகர்?’ என்று பெயர்களாக அடுக்கும். 5 கேள்விக்கு முன் பெயர் சொல்லக்கூடாது என்று வைத்துவிடுங்கள். ‘டஸ் இட் பிக்?’ என்று வந்தால், செய்கிற வேலைக்கு ‘டஸ்’, எப்படி இருக்கிறது என்பதற்கு ‘இஸ்’ என்று பிரித்துக் காட்டினால் போதும். நாளுக்கு 10 நிமிடம், இரண்டு வாரத்துக்கு ஒரே வடிவம்.

பேச்சின் நடுவே திருத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. ‘ஹி கோட் ஹோம்’ என்றால் ‘ஓ, ஹி வென்ட் ஹோம்?’ என்று சரியான வடிவில் திருப்பித் தருவதுதான் இதமான வழி. ஆனால் குழந்தை அதைத் தன் பிழைக்கான திருத்தம் என்று எடுத்துக்கொள்ளாது, பதில் என்றுதான் எடுத்துக்கொள்ளும். மொழி உளவியலாளர் டேவிட் மெக்னீல் 1966இல் பதிவு செய்த உரையாடலில், ‘நோபடி டோன்ட் லைக் மி’ என்ற குழந்தைக்குத் தாய் ‘நோபடி லைக்ஸ் மி’ என்று 8 முறை சொல்லிக்கொடுத்தும், கடைசியில் கிடைத்தது ‘நோபடி டோன்ட் லைக்ஸ் மி’! அதனால் திருப்பிச் சொல்வது போதாதபோது தேர்வு கொடுங்கள்: ‘கோட்’டா, ‘வென்ட்’டா? யோசிக்கும் வேலை குழந்தைக்குப் போய்விடும். அதுவும் அந்த இரண்டு வாரத்து வடிவத்துக்கு மட்டும். மற்றப் பிழைகளைப் போக விடுங்கள். எல்லாவற்றையும் திருத்தினால் குழந்தை ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லத் தொடங்கிவிடும்.

‘ஏ’வா ‘தி’யா என்பதை இந்த வயதில் துரத்தாதீர்கள். நவுன், வெர்ப் என்ற பெயர்களும் காத்திருக்கலாம்.

எழுத்தில் முதல் வேலை, எழுதும் முன் வாக்கியத்தை வாயால் சொல்லி, சொற்களை விரல்விட்டு எண்ணுவது. 6 விரல் மடக்கியிருந்தால் தாளில் 6 சொல் இருக்க வேண்டும். ‘இஸ்’, ‘டு’ விழுந்துபோவது இதிலேயே பெருமளவு நிற்கும். ‘ஈடி’ எழுத்துக்குத் தனிக் கவனம் தேவை: ‘வாக்ட்’டில் அது ‘ட்’ என்று முடிகிறது, ‘பிளேய்ட்’டில் மெலிந்து ஒலிக்கிறது, ‘வான்டட்’டில் ஓர் அசையே கூடுகிறது. காதை நம்பி எழுதும் குழந்தை ‘வாக்ட்’டின் கடைசியில் ‘ஈடி’க்குப் பதில் ‘t’ என்ற ஒற்றை எழுத்தைப் போட்டால் அது இலக்கணப் பிழை இல்லை. ஒலி மூன்றானாலும் எழுதுவது ‘ஈடி’ ஒன்றுதான் என்று மூன்று நெடுவரிசையாகப் பிரித்து எழுதிக் காட்டுங்கள்.

எழுதி முடித்ததும் சிவப்பு மையால் அடிக்க வேண்டாம். பிழையுள்ள வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. பக்கத்துக்கு அதிகபட்சம் 3. குழந்தை அந்த வரியைச் சத்தமாகப் படித்துத் தானே தேடட்டும். கண்டுபிடித்தால் அது கைத்தவறு. இரண்டு முறை படித்தும் காதுக்கு உறுத்தவில்லை என்றால் அந்த வடிவம் இன்னும் பேச்சிலேயே வரவில்லை. நோட்டை மூடிவிட்டு அட்டைகளை எடுங்கள்.