எந்த டிரைவர், எந்த ஷாஃப்ட்? வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

இந்த முறை டர்பன் பக்கத்து வாசகர்களிடமிருந்து வந்த கோல்ஃப் கேள்விகளில் பாதிக்கு மேல் டிரைவரைப் பற்றியவை, அதாவது முதல் அடிக்கு எடுக்கிற நீளமான கிளப்பையும் அதன் தண்டான ஷாஃப்டையும் பற்றியவை. மற்றதையெல்லாம் அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு வேண்டுகோள்: "எந்த டிரைவர் வாங்கலாம் அண்ணா?" என்று ஒரே வரியில் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. பந்து கிளப்பின் முகத்தில் (அடிக்கிற பரப்பில்) எந்த இடத்தில் படுகிறது, எத்தனை மீட்டர் பறந்து விழுகிறது, எந்தப் பக்கம் வளைகிறது, இந்த மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.

சாட்ஸ்வர்த் வாசகர்: எனக்கு வயது 61. மகன் அடிக்கிற டிரைவரைப் பார்த்து அதே 9 டிகிரி, ஸ்டிஃப் (கெட்டியான) ஷாஃப்ட் வாங்கினேன். பந்து தாழ்வாகப் போய் வலது பக்கம் மரத்துக்குள் விழுகிறது. பறந்து விழுவது 160 மீட்டர்தான். பழைய டிரைவர் இதைவிட நன்றாகப் போனது. கோளாறு என் ஸ்விங்கிலா?

ஐயா, உங்கள் ஸ்விங்கைக் குறை சொல்லும் முன்னால் அந்த கிளப் உங்களுக்குரியதா என்று பார்ப்போம். 160 மீட்டர் பறக்கிறது என்றால் உங்கள் வீச்சு மணிக்கு 80 மைல் சுமாருக்கு இருக்கும். மகன் 100க்கு மேல் வீசுகிறாரோ என்னவோ. மெதுவாகக் கிளம்புகிற பந்துக்குக் காற்று கொடுக்கிற தூக்கலும் குறைவு, அதனால் கிளம்பும்போதே உயரமாகக் கிளம்பினால்தான் அது தூரம் போகும், 9 டிகிரி லாஃப்ட், அதாவது முகத்தின் மேல்நோக்கிய சாய்வு, உங்கள் வேகத்தில் அந்த உயரத்தைக் கொடுக்காது. 11 அல்லது 12 டிகிரி எடுங்கள். லாஃப்ட் கூடினால் தூரம் குறையும் என்று நம் ஆட்களிடம் ஒரு பயம் இருக்கிறது; உங்கள் வேகத்துக்கு நடப்பது நேர் எதிர். லாஃப்ட் கூடும்போது வலது பக்க வளைவும் கொஞ்சம் தணியும் என்பது இன்னொரு லாபம்.

ஷாஃப்ட் விஷயத்துக்கு வருகிறேன். வீசும்போது ஷாஃப்ட் பின்னால் வளைந்து, பந்தைத் தொடும் நேரத்தில் நிமிர்ந்து, தலைப்பக்கம் லேசாக முன்னாலும் வளையும். அந்த முன்வளைவு முகத்துக்குக் கொஞ்சம் லாஃப்ட் சேர்க்கும், முகத்தை மூடவும் உதவும். மெதுவான வீச்சில் கெட்டியான ஷாஃப்ட் அந்த அளவு வளையாது, நீங்கள் பார்க்கிற தாழ்வான, வலது பக்கப் பந்துக்கு இதுவும் ஒரு காரணம். கடைகளில் சொல்கிற கணக்கு சுமாராக இப்படி: 75 முதல் 85 மைல் வரை சீனியர், 85 முதல் 95 வரை ரெகுலர், 95 முதல் 105 வரை ஸ்டிஃப், அதற்கு மேல் எக்ஸ்ட்ரா ஸ்டிஃப். ஆனால் இந்த எழுத்துகளுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது, ஒரு கம்பெனியின் ரெகுலர் இன்னொரு கம்பெனியின் ஸ்டிஃபைவிடக் கெட்டியாக இருக்கலாம். அதனால் நான் பார்க்கிற வரிசை வேறு. முதலில் லாஃப்ட், அப்புறம் நீளம், அப்புறம் ஷாஃப்டின் எடை, கடைசியில்தான் அந்த எழுத்து. உங்களுக்கு 12 டிகிரி, 50 கிராம் சுற்றிலான ஷாஃப்ட், சீனியர் அல்லது மென்மையான ரெகுலர். இரண்டையும் பத்துப் பத்துப் பந்து அடித்துப் பார்த்து எடுங்கள். பழைய டிரைவரை விற்றுவிடாதீர்கள், அதன் லாஃப்ட் எத்தனை என்று அடிப்பக்கத்தில் பாருங்கள், பதில் அங்கேயே எழுதியிருக்கும் என்று நினைக்கிறேன்.

லெனேசியாவிலிருந்து உம்ஷ்லாங்காவுக்கு மாறி வந்தவர்: ஜோபர்க்கில் 220 மீட்டர் அடித்தவன் இங்கே 200 தாண்டவில்லை. கடற்கரை ஈரக்காற்று பந்தைப் பிடித்து இழுக்கிறதா? புது டிரைவர் வாங்கவா?

வாங்க வேண்டாம், தம்பி. கைக்காசை வைத்துக்கொள்ளுங்கள். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்தது, பந்தைத் தடுப்பது குறைவு, சுமார் பத்து சதவீதம் கூடுதலாகப் போகும். நீங்கள் இழந்ததாகச் சொல்கிற 20 மீட்டர் அப்படியே இந்தக் கணக்குதான். ஈரக்காற்றின் மேல் பழி போடாதீர்கள், ஈரமான காற்று காய்ந்த காற்றைவிட ஒரு துளி லேசானது. பந்தை நிறுத்துவது இங்கே அடர்த்தியாக இருக்கிற கடல் மட்டக் காற்று. அது போக, ஹைவெல்டில் (ஜோபர்க் இருக்கிற மேட்டு நிலத்தில்) குளிர்காலத்தில் புல் காய்ந்து மஞ்சளாகிக் கிடக்கும், விழுந்த பந்து வெகுதூரம் உருளும். நம் பக்கத்தில் பச்சைக் கிகூயூ புல் பந்தை விழுந்த இடத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், இங்கே பறக்கிற தூரம்தான் தூரம்.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். மெலிந்த காற்று பந்தைத் தடுப்பது மட்டுமல்ல, தூக்குவதும் குறைவு, பக்கவாட்டில் வளைப்பதும் குறைவு. அங்கே தெரியாமல் இருந்த ஸ்லைஸ் (பந்து வலது பக்கம் வளைவது) இங்கே வந்ததும் பெரிதாகத் தெரியும். ஸ்பின் அதிகமாக அடிப்பவர் என்றால் அங்கே அளவாகப் பறந்த பந்து இங்கே வானத்தில் ஏறி நிற்கும், மத்தியான நார்த் ஈஸ்டர் (வடகிழக்குக் காற்று) எதிரில் அடித்தால் நின்ற இடத்திலேயே இறங்கும். இருக்கிற டிரைவரின் கழுத்தில் (ஷாஃப்ட் தலையில் நுழைகிற இடத்தில்) லாஃப்டைத் திருகி மாற்றும் வசதி இருந்தால் ஒரு டிகிரி குறைத்து, காற்று அடிக்கிற நாளில் ஒரு தடவை, அடிக்காத நாளில் ஒரு தடவை ஆடிப் பாருங்கள். கிளப் நம்பரை மட்டும் இங்கத்துக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முன்பு 8 ஆம் நம்பர் கிளப் எடுத்த இடத்தில் அதைவிடத் தூரம் போகிற 7 எடுப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

டோங்காட் வாசகர்: கழுத்தில் திருகி டிரா (இடது வளைவு) பக்கம் வைத்தால் ஸ்லைஸ் போய்விடுமா?

குறையும், போகாது. திருகி லாஃப்டைக் கூட்டும்போது, கிளப்பைத் தரையில் வைத்தால் முகம் கொஞ்சம் மூடியபடி உட்காரும், குறைத்தால் திறக்கும். பெரும்பாலான டிரைவர்களில் இந்த மாற்றம் ஒன்றரை, இரண்டு டிகிரிக்குள்தான். வீச்சுப் பாதைக்கு முகம் பத்து டிகிரி திறந்து வருகிறவருக்கு இரண்டு டிகிரி என்ன செய்யும்?

அதைவிட முதலில் இதைச் செய்யுங்கள். மருந்துக்கடையில் காலுக்கு அடிக்கிற பவுடர் ஸ்ப்ரே வாங்கி, முகத்தில் மெல்லிசாக அடித்துவிட்டு ரேஞ்சில் (பயிற்சி மைதானத்தில்) பத்துப் பந்து அடியுங்கள். பட்ட இடம் வெள்ளையில் தெளிவாகத் தெரியும். ஷாஃப்டை ஒட்டிய பக்கத்தில் படுகிறது என்றால் உங்கள் ஸ்லைஸில் ஒரு பகுதி அதனால்தான், ஏனென்றால் டிரைவர் தலையின் எடை மையம் முகத்துக்கு வெகு பின்னால் இருக்கிறது. நடுவை விட்டு விலகிப் படும்போது தலை ஒரு பக்கம் திரும்ப, பந்து அதற்கு எதிர்ப்பக்கம் சுழலும். உள்பக்கம் பட்டால் வலது வளைவு, நுனிப்பக்கம் பட்டால் இடது வளைவு. முகத்தின் கீழே பட்டால் ஸ்பின் ஏறி தூரம் குறையும், நடுவுக்குச் சற்று மேலே படுவது டிரைவருக்கு நல்ல இடம். பத்தில் ஏழு அடையாளம் ஒரே காசு அளவுக்குள் விழுகிற வரைக்கும் கழுத்தைத் திருகாதீர்கள்.

வெருலம் வாசகி: ஆறு மாதமாக ஆடுகிறேன். கடையில் 'லேடீஸ்' என்று எழுதியதைத்தான் எடுக்க வேண்டும் என்கிறார்கள். பள்ளியில் ஹாக்கி ஆடியவள், பந்து 175 மீட்டர் போகிறது.

அக்கா, ஷாஃப்டுக்கு ஆண் பெண் தெரியாது. 175 மீட்டர் பறக்கிறது என்றால் உங்கள் வேகம் ரெகுலர் ஷாஃப்ட் எடுக்கிற பல ஆண்களின் வேகம், லேடீஸ் என்று எழுதிய மிக மென்மையான ஷாஃப்ட் உங்கள் கையில் தலையை எங்கே விட்டதென்றே தெரியாமல் அலையும். 50 கிராம் சுற்றில் ரெகுலர், 10.5 டிகிரி, இதிலிருந்து தொடங்குங்கள். நீளத்தை மட்டும் உங்கள் உயரத்துக்கும் நிற்கிற விதத்துக்கும் ஏற்றபடி பார்த்து வாங்குங்கள். எழுத்தைப் பார்த்து எடுத்துக் கொடுக்கிறவரிடம் "முதலில் என்னை அடிக்கவிட்டுப் பாருங்கள்" என்று கேளுங்கள். அவருக்கு நேரமில்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

ஃபீனிக்ஸ் வாசகர்: ஷாஃப்டை வெட்டிக் குட்டையாக்கலாமா?

தாராளமாக. இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் நானே பட்டது. சில வருடம் முன்பு ஒரு கடையில் "நீளம் கூடினால் வேகம் கூடும், வேகம் கூடினால் தூரம் கூடும்" என்று சொல்லி 46 இன்ச் டிரைவர் ஒன்றைக் கொடுத்தார்கள். சொன்னது பொய்யில்லை, நடுவில் பட்டபோது போனது. பதினெட்டு குழியில் மூன்று தடவை நடுவில் பட்டது. ஒரு சீசன் முழுக்க நான் பந்து தேடினேன். பிறகு அரை இன்ச், இன்னும் அரை இன்ச் என்று 45க்குக் கொண்டுவந்தபோதுதான் சனிக்கிழமைக் காலைகள் திரும்பக் கிடைத்தன.

கடையில் விற்கிற டிரைவர்கள் பெரும்பாலும் 45.5 இன்ச் அல்லது அதற்குச் சற்று மேல். சுற்றுப்போட்டி ஆடுகிற தொழில்முறை வீரர்களில் பலர் அதைவிடக் குட்டையாக ஆடுகிறார்கள், அவர்களைவிட நமக்கு நீளம் எதற்கு? வெட்டும்போது கிரிப் பக்கம்தான் வெட்ட வேண்டும், தலையை ஒட்டிய நுனியில் கை வைத்தால் ஷாஃப்ட் கெட்டிப்பட்டுவிடும். அரை இன்ச் வெட்டினால் தலை கையில் லேசாகத் தோன்றும், ஸ்விங்வெயிட் (வீசும்போது தலை எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்ற அளவு) கணக்கில் மூன்று புள்ளி குறையும். இரண்டு கிராம் ஈயப் பட்டை ஒட்டினால் ஒரு புள்ளி திரும்பும், அதாவது அரை இன்ச்சுக்கு ஆறு கிராம். வெட்டுவதற்கு முன் ஒரு வாரம் கிரிப்பை ஒரு இன்ச் கீழே பிடித்து ஆடிப் பாருங்கள், செலவில்லை.

ரெசர்வோயர் ஹில்ஸ் இளைஞர்: நான் இடது கையை வலது கைக்குக் கீழே வைத்துப் பிடிக்கிறேன், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கோச் மாற்றச் சொல்கிறார். இந்தப் பிடிக்கு ஏற்ற டிரைவர் இருக்கிறதா?

தம்பி, நீங்கள் இருக்கிற ஊரில் இந்தக் கேள்வி கேட்கிறீர்கள் என்பதே எனக்கு நெஞ்சைத் தொட்டது. உம்கேனி ஆற்றோரம் உங்கள் வீட்டுப் பக்கத்தில் இருக்கிற மைதானம் யார் பெயரில் இருக்கிறது? பாப்வா சேவ்கோலம். கேடியாக, அதாவது ஆடுகிறவர்களின் கிளப் பையைச் சுமப்பவராக, வேலை செய்தவர், இதே பிடிதான் பிடித்தார், அந்தப் பிடியோடு 1959, 1960, 1964 என்று மூன்று முறை டச்சு ஓப்பன் வென்றார். 1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பனை வென்றபோது, வெள்ளையர் அல்லாதவர் என்பதால் அவரை உள்ளே விடவில்லை, வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். 1965இல் மறுபடியும் அதே போட்டி, உலகப் புகழ்பெற்ற தென்னாப்பிரிக்க வீரர் கேரி பிளேயரையே தோற்கடித்தார். நம் பெரியவர்கள் இன்னும் இதைச் சொல்லும்போது குரல் மாறும், என் குரலும்தான்.

ஆகவே பிடியை மாற்றுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். இந்தப் பிடிக்கென்று தனி டிரைவர் கிடையாது, லாஃப்ட், நீளம், எடை எல்லாம் மற்றவர்களுக்குப் பார்க்கிற மாதிரிதான் பார்க்க வேண்டும். கிரிப்பில் மட்டும் ஒரு மாற்றம் செய்து பாருங்கள்: சாதாரண கிரிப் மேலே தடித்து கீழே மெலியும், உங்கள் இடது கை அந்த மெலிந்த இடத்தில் வருகிறது. மெலிவு குறைந்த கிரிப் என்று தனியாக விற்கிறார்கள், அதைப் போட்டால் கீழ்க்கை நிரம்பிப் பிடிக்கும். கோச்சிடம் சண்டை வேண்டாம். முகத்தில் பவுடர் அடித்துப் பத்துப் பந்து அடித்துக் காட்டுங்கள், அடையாளங்கள் ஒரே இடத்தில் இருந்தால் அவரே பார்த்துக்கொள்வார்.

பைன்டவுன் வாசகர்: பழைய டிரைவர் வாங்கலாமா?

வாங்குங்கள். தலையின் அளவு 460 சிசிக்கு மேல் போகக்கூடாது என்ற விதியும், முகத்தின் துள்ளலுக்கான வரம்பும் வெகுகாலமாக இருக்கின்றன, அதனால் ஐந்தாறு வருடப் பழைய டிரைவர் நடுவில் பட்டால் புதியதற்கு அதிகம் பின்தங்காது. மிச்சமாகிற ராண்டில் ஃபிட்டிங்கோ (உங்கள் வீச்சை அளந்து கிளப்பைப் பொருத்துவது) நல்ல ஷாஃப்டோ போடலாம். வாங்கும்போது தலையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே ஏதாவது உருண்டால் வேண்டாம். முகத்துக்கும் மேல்மூடிக்கும் நடுவில் முடி மாதிரி விரிசல் இருக்கிறதா என்று வெயிலில் திருப்பிப் பாருங்கள். ஷாஃப்ட் கழுத்தில் நுழைகிற இடத்தை விரலால் தடவுங்கள். கிரிப் வழவழவென்றிருந்தால் விலையில் அதையும் கழித்துக் கேளுங்கள்; டர்பன் வேர்வையில் அந்த கிரிப்போடு ஒரு ரவுண்டுகூட ஆட முடியாது.